கரண்ட் வைத்த தெருக்களில் மதினியோடு மறுபடியும்

இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதெல்லாம் அருவி, அணைக்கட்டு, கோவில், அந்தந்த ஊர்ச் சாப்பாடு. ஆஸ்பத்திரிப் பயணத்தை எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஒரு வாசகி, தன் அம்மாவைப் புற்றுநோய் வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டிப் போகவேண்டும், எங்கே தங்குவது, எதையெல்லாம் எடுத்துப் போவது என்று கேட்டு எழுதியிருந்தார். குற்றாலத்துக்கு வழி கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள். இதற்கு வழி சொல்ல ஆள் குறைவு. எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும்.

ஆறு வருடங்களுக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. தென்காசியிலிருந்து சென்னைக்குப் போய்க் கீமோ ஊசி மருந்து, அறுவை சிகிச்சை, கடைசியில் கதிர்வீச்சு என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பினேன். அவ்வளவு நாளும் என்னோடு இருந்தவர் என் கணவரின் அக்கா இசக்கியம்மாள். எனக்கு மதினி. கணவரால் கடையை விட்டு வர முடியாது, என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. யார் போவது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே மதினி பையைக் கட்டிவிட்டார். அதுவரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும்.

அதன்பிறகு வருடம் ஒரு முறை பரிசோதனைக்கு நான் மட்டும் போய் வருவேன். இந்த ஆடி மாதம் மதினியும் வந்தார், ஊர் பார்க்க இல்லை. அவருக்கு இடது மார்பில் ஒரு கட்டி. "போன மாசந்தான் தட்டுப்பட்டுச்சு" என்றார். தென்காசி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தள்ளிப்போடாமல் சென்னைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அது புற்றுதானா, புற்று என்றால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். வெறும் கொழுப்புக் கட்டியாக இருந்துவிட வேண்டும் என்று ரயில் ஏறும்வரைக்கும் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

தென்காசியில் மாலை ஆறரை மணி வாக்கில் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர். சிலீப்பர் டிக்கெட் ஒருவருக்கு நானூறு ரூபாய்க்குச் சற்று மேலே. ஏற்கனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் கூடப் போகிறவருக்கும் ரயில்வேயில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் கேட்டால் அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போய் வருகிற குடும்பங்கள் நிறைய.

எங்களுக்கு ஒரு கீழ்ப் படுக்கையும் ஒரு நடுப் படுக்கையும் கிடைத்தன. கீழே யார் படுப்பது என்று ஒரு சண்டை. ஆறு வருடத்துக்கு முன் நான் கீழே சுருண்டு கிடக்க, மதினி நடுப் படுக்கையிலிருந்து கையைத் தொங்கவிட்டு என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது நான் மேலே ஏறப் போனால், "நீ நோயாளிளா, கீழ படு" என்கிறார். "எனக்கு முடிஞ்சு ஆறு வருசம் ஆச்சு மதினி, இப்ப நீங்கதான்" என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன். மூட்டு வலி என்று ஒரு பொய் சொல்லி அவரையே கீழே படுக்க வைத்தேன். யாருடைய மூட்டு என்று அவரும் கேட்கவில்லை.

எழும்பூரிலிருந்து அடையாறு பத்துக் கிலோமீட்டர். பகலில் தனியாக, பையில்லாமல் போகிறவர்கள் மின்சார ரயிலையும் பறக்கும் ரயிலையும் மாற்றிப் போகலாம். நோயாளியோடு போகும்போது அந்தச் சிக்கனம் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். எங்கள் ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். மதினி இருநூறில் ஆரம்பித்தார். எங்கள் பையில் பிதுங்கிக்கொண்டிருந்த எக்ஸ்ரே கவரை ஆட்டோக்காரர் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா? ஏறுமா. குடுக்கிறத குடு. மெட்ரோ வேல நடந்துகினு கீது, ரோடெல்லாம் தோண்டி வச்சுக்கிறான். சுத்திகினுதான் போணும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "யாருக்குமா உடம்புக்கு?" என்று கேட்டார்.

நானும் மதினியும் ஒரே நேரத்தில் "எனக்குத்தான்" என்றோம். "இன்னா, ரெண்டு பேருமேவா?" என்றார். இறங்கும்போது இருநூற்று ஐம்பதுக்கு மேல் வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். மதினிக்கு அதில் வருத்தம். பேரம் பேசி ஜெயித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

தங்கினது பழைய இடம்தான். கஸ்தூர்பா நகர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், உள்தெருவில் ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்காரம்மா நோயாளிகளுக்கு மட்டுமே வாடகைக்கு விடுகிறவர். ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய், கேஸ் அடுப்பும் பாத்திரமும் உண்டு. லாட்ஜில் இதைவிட மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடுப்பு இருக்காது. ஊசி மருந்து நாட்களில் ஓட்டல் சாப்பாட்டு வாசனையே குமட்டும், கஞ்சி வைக்க ஒரு அடுப்பு இல்லையென்றால் திண்டாடிப் போவீர்கள். அறைக்குள் நுழைந்ததும் மதினி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார். அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரம் அங்கேயே இருந்தது. "பாருளா, இருக்கு" என்றார், எங்கள் வீட்டு மரம் மாதிரி.

எனக்கும் அது எங்கள் வீடு மாதிரிதான் இருந்தது. சிரிக்காதீர்கள், என் வாழ்க்கையின் மோசமான நாட்களை நான் கழித்த அறை அது. முடி கொட்டினது அங்கேதான். கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். இருந்தும் அந்த மாடிப்படியில் ஏறும்போது கல்லூரி விடுதிக்குத் திரும்புகிற பெண்ணைப்போல் ஒரு சந்தோஷம். இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். வைத்தியம் முடிந்து பல வருடம் ஆனவர்களுக்கு மட்டும் புரியும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. நகரத்தில் பல இருக்கின்றன, உங்கள் ஊர் டாக்டர் எங்கே எழுதிக் கொடுக்கிறாரோ அங்கே போங்கள். எங்கே போனாலும் முதல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய அறிக்கைகள், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஊரிலேயே சதை எடுத்துச் சோதித்திருந்தால் காகிதம் மட்டும் போதாது. அந்தச் சதையை வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். இதை மறந்துவிட்டு வந்து, திரும்ப ஊருக்கு ஆள் அனுப்பினவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்ததும் பழைய மதினி ஞாபகத்துக்கு வந்தார். ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கூடத்தில் அவர் ஒரு அதிகாரி. எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு, எந்த நர்ஸுக்குக் கோபம் வரும், எந்தத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பார். கூடவே ஒரு விசாரணையும் நடக்கும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கட்டியை ஒரு வருடமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததாகச் சொன்னாள். மதினி அவளைப் பிடித்த பிடியில் அவள் அழுதுவிட்டாள். "வலிக்கல்லன்னா நல்லதுன்னு உனக்கு யாரு சொன்னா? வலிக்காத கட்டிதான் மோசம். பிள்ளை குட்டி இருக்குல்லா உனக்கு?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

இந்தத் தடவை அதே கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பயம் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நாளாகக் கட்டி இருக்கிறது என்று உள்ளே ஒரு இளம் டாக்டர் கேட்டபோது, "ஒரு மாசம்" என்றார். அதையே எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மேமோகிராம். செவ்வாய்க்கிழமை ஊசியால் சதை எடுத்தார்கள். புதன்கிழமை ஸ்கேன். என் வருடாந்தரப் பரிசோதனையும் நடுவில் முடிந்தது, எனக்கு ஒன்றுமில்லை. மதினியின் முடிவு அடுத்த திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வருவதில் அர்த்தமில்லை. நாலு நாள் கையில் இருந்தது. அறையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால், அந்தக் காலத்தில் எங்கெங்கே போனோமோ அங்கெல்லாம் போவது என்று முடிவு செய்தோம்.

அந்தக் காலம் என்று நான் சொல்வது கரண்ட் வைத்த காலத்தை. கதிர்வீச்சை எங்கள் பக்கம் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, கரண்ட் வைக்கிறார்கள் என்றுதான் சொல்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போகவேண்டும், உள்ளே படுத்திருப்பது கொஞ்ச நேரம்தான், அப்புறம் நாள் முழுக்கச் சும்மா. சனி, ஞாயிறு விடுமுறை. ஊசி மருந்தின் கஷ்டமெல்லாம் முடிந்து, நாக்கில் ருசி திரும்பிக்கொண்டிருந்த நேரம். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு அப்படி ஒரு ஓய்வு கிடைத்ததில்லை. மதினிக்கும் கிடைத்ததில்லை.

கரண்ட் வைக்கும் முன்பு உடம்பில் ஊதா மையால் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை வைத்துத்தான் தினமும் எந்திரத்தைத் திருப்பி நிறுத்துவார்கள். தண்ணீர் ஊற்றலாம், சோப்பு கூடாது, தேய்க்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்க்காமல் ஒரு சுமங்கலி குளிப்பதை மதினியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முதுகுக்கு மட்டும் என்று ஆரம்பித்த கை தோளைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. பாதிக் கோடு மஞ்சளோடு போய்விட்டது. திங்கட்கிழமை, கோடு போட்ட டெக்னீசியன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சோப்பு போடலியே தம்பி, மஞ்சள்தான. கிருமிக்கு நல்லதுல்லா" என்றார் மதினி. "கிருமி இல்லமா அது, நான் போட்ட கோடு" என்றார் அவர். மறுபடி படம் எடுத்து, அளந்து, கோடு போட அரை நாள் ஆனது. உங்களோடு வருகிறவருக்கு மஞ்சளையும் தடை செய்யுங்கள்.

வியாழக்கிழமை மயிலாப்பூர். கஸ்தூர்பா நகரிலிருந்து பறக்கும் ரயிலில் நாலாவது நிறுத்தம் திருமயிலை. டிக்கெட் ஐந்து ரூபாய். சென்னையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல விஷயம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஜன்னலோரம் நின்றால் கோட்டூர்புரத்துக்கு அப்பால் ஆற்றைத் தாண்டும்போது காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றுக்காகவே, தலையில் துணி கட்டிக்கொண்டு, சனிக்கிழமைகளில் நான் கதவோரம் நின்றிருக்கிறேன். மதினி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் குதித்துவிடுவேன் என்கிற மாதிரி.

திருமயிலையில் இறங்கினதும் வழி தெரியவில்லை. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கமெல்லாம் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். நாங்கள் சோடா குடித்த கடை இருந்த இடத்தில் தகரம். ஒரு கடையோரம் நின்று சர்பத் குடித்தது, ஒரு மழைக்கு ஒதுங்கினது என்று மதினி ஒவ்வொரு இடமாகக் கை காட்டிக்கொண்டு வந்தார், பாதி இடங்களில் தகரம்தான் இருந்தது. மாட வீதி மட்டும் அப்படியே இருக்கிறது. பூ, கொலு பொம்மை, பித்தளைச் சாமான், குளத்தைச் சுற்றி வண்டிகள்.

தெற்கு மாட வீதியில் ஒரு பஜ்ஜிக் கடை. ஆறு வருடத்துக்கு முன் அங்கேதான் மதினி எனக்கு எதிரில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றார். எனக்கு மாதக் கணக்கில் எதைத் தின்றாலும் சுண்ணாம்பு தின்கிற மாதிரி இருந்த நேரம். அவர் தின்பதைப் பார்த்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். காரம் தெரிந்தது. நாக்கில், காதில், கண்ணில், எல்லா இடத்திலும் தெரிந்தது. நான் அழுததைப் பார்த்து, "காரமாளா?" என்று கேட்டார் மதினி. "ஆமா, காரம்" என்றேன், அவ்வளவு சந்தோஷமாக. இந்தத் தடவை பஜ்ஜி நாற்பது ரூபாய் ஆகியிருந்தது. மதினி பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போதும் என்றார். திரும்பும்போது நடை தளர்ந்து மந்தைவெளிப் பக்கம் ஒரு பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை தி.நகர். அடையாறு பணிமனையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சனிக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போகாதீர்கள் என்று எழுதுவதுதான் நியாயம். ஆனால் போனோம். எனக்கு முடி கொட்டினபோது தலைக்குக் கட்டும் பருத்தித் துணிகளை மதினி அந்தத் தெருவில்தான் வாங்கினார், ஒவ்வொரு துணியையும் தன் தலையில் கட்டிப் பார்த்து. கடை வாசலில் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

இந்தத் தடவை அவர் நேராக ஒரு நைட்டிக் கடைக்குள் நுழைந்தார். விற்கிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், எங்கள் பேச்சைக் கேட்டதுமே முகம் மலர்ந்தது. அவளுக்கு ஸ்ரீவைகுண்டம்.

"முன்னால ஜிப்பு வச்ச நைட்டி இருக்கா? தலைவழியா மாட்டுறது வேண்டாம்" என்றார் மதினி.

"பிள்ளை பெத்தவுகளுக்கு உள்ளதாக்கா? மகளுக்கா?"

"மகளுக்கு இப்பதான் கல்யாணம் ஆயிருக்கு. எனக்குத்தான் தாயி."

அவள் சிரித்தாள், மதினியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்பில் அறுவை செய்தபிறகு பல வாரத்துக்குக் கையைத் தூக்கி எதையும் மாட்ட முடியாது. முன்பக்கம் திறக்கிற உடைதான் வேண்டும். இது தெரியாமல் நான் போயிருந்தேன். மதினிதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் வாங்கி என் நைட்டிகளை நடுவில் வெட்டிக் கொக்கி வைத்துத் தைத்தார். இப்போது நாலு நைட்டி எடுத்து, ஜிப் நன்றாக ஓடுகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிசல்ட்டே வரல்லியே மதினி. எதுக்கு நாலு?"

"ரிசல்ட்டு எனக்குத் தெரியும்ளா."

"எப்படித் தெரியும்?"

மதினி நைட்டியை மடித்து வைத்தார். "ஐப்பசியிலேயே பாத்துட்டேன். அப்ப பட்டாணி கணக்கா இருந்துச்சு. செல்விக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருந்தாவ. தையில பூ வச்சாச்சு, வைகாசியில கல்யாணம். நடுவுல நான் கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புனா, அவ்வோ வீட்டுல என்ன நெனைப்பாவ? முடியட்டும்னு இருந்தேன். இப்ப நெல்லிக்காய் அளவு."

அந்தக் கல்யாணத்தில் அவர் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினது கண்ணுக்குள் வந்தது. "அந்த சிவகங்கைக்காரிய அத்தனை பேர் முன்னால அழ வச்சீங்களே" என்றேன்.

"அடுத்தவளுக்குச் சொல்லுறது எளுப்பம்லா கோமதி" என்றார்.

பேருந்தில் அவர் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம். அந்தக் கட்டி பட்டாணியாக இருந்தபோது நான் அவரிடமிருந்து ரெண்டு தெரு தள்ளி, தினமும் பார்த்துப் பேசிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அறைக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னேன். திங்கட்கிழமை டாக்டரிடம் ஐப்பசி என்று சொல்லவேண்டும். "திட்டுவாவளா" என்றார். "திட்டட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை எங்களைக் கூப்பிட்டபோது பதினோரு மணி தாண்டியிருந்தது. பெரிய டாக்டர் ஒரு அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது, மெதுவாகப் பேசுகிறவர். சுற்றி வளைக்கவில்லை. புற்றுதான், அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் போயிருக்கிறது என்றார். நுரையீரல், கல்லீரல், எலும்பு எங்கேயும் போகவில்லை. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்யப்போகிறோம், ஆனால் முதலிலேயே அறுவை கிடையாது, ஊசி மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் அறுவை, பிறகு கதிர்வீச்சு என்றார்.

"இதுல ஒரு மாசம்னு எழுதியிருக்கு. இது ஒரு மாசக் கட்டி மாதிரி தெரியலையே" என்றார் டாக்டர்.

மதினி என்னைப் பார்த்தார். "ஐப்பசிம்மா" என்றார். "மக கல்யாணம் இருந்துச்சு."

டாக்டர் திட்டவில்லை. பழையதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். "கல்யாணம் மட்டும்தான் காரணமா?" என்று கேட்டார். எதை வைத்துக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மதினி என் பக்கம் கை காட்டினார். "இவளுக்கு வந்தப்ப நான்தான்ம்மா கூட இருந்தேன். ஒரே தட்டுல தின்னோம், ஒரே பாயில படுத்தோம். இப்ப எனக்கும்னா ஊர்ல என்ன சொல்லுவாவ? கோமதிகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டுன்னுதான் சொல்லுவாவ. ஏற்கனவே சில வீட்டுல இவளுக்குக் காகிதக் கப்புலதான் காப்பி குடுக்காவ. நான் பாத்திருக்கேன்."

அந்தக் காகிதக் கப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் வரும், எனக்கு மட்டும் கடையில் வாங்கின கப்பில் வரும். கவனிக்காத மாதிரி குடித்துவிட்டு வந்துவிடுவேன். மதினி பார்த்திருக்கிறார் என்பதும், அதற்காகத் தன் நெஞ்சில் இதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என்பதும் எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

"ஒட்டாதும்மா. தொட்டாலும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியும்மா. நீங்க சொல்லணும்" என்று மதினி போனை எடுத்து ஒலிப்பதிவை அழுத்தி மேஜைமேல் வைத்தார். "எங்க குடும்ப குரூப்புல போடணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு போனைக் கையில் எடுத்து, வகுப்பு எடுக்கிற டீச்சர் மாதிரி நிதானமாகச் சொன்னார். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை, இசக்கியம்மாளுக்கு வந்ததற்கும் கோமதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டு பேருக்கும் எல்லாரையும்போல டம்ளரில் காப்பி கொடுக்கலாம். மருந்துக் கடை வரிசையில் நின்றபடியே மதினி அதை குரூப்பில் போட்டார். தனக்குப் புற்றுநோய் என்பதை அதுவரைக்கும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. குடும்பத்துக்கே அந்தக் குரல் மூலமாகத்தான் தெரிந்தது. செல்வி போனில் கத்தினாள், அழுதாள், புதன்கிழமை காலை மாப்பிள்ளையோடு எழும்பூரில் வந்து இறங்கினாள். முன்பே சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்குமா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மாப்பிள்ளை எங்களோடு சண்டை போட்டு, மாமியாருக்குக் கொண்டுவந்த பைகளையெல்லாம் தானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம். இதை அதே மாடி அறையிலிருந்துதான் எழுதுகிறேன். கேட்ட வாசகிக்குச் சுருக்கமாக: அடுப்பு உள்ள அறையாகப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. முன்பக்கம் திறக்கிற உடைகளை ஊரிலேயே தைத்துக்கொள்ளுங்கள், ரங்கநாதன் தெருவில் இடிபட வேண்டாம். முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் அம்மாவை அறைக்குள் வைக்காதீர்கள், பறக்கும் ரயிலில் ஏற்றிக் காற்று வாங்கச் செய்யுங்கள். எப்போது முதலில் தெரிந்தது என்று டாக்டர் கேட்டால் உண்மையான மாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா சொல்வது உண்மையான மாதம்தானா என்று நீங்களும் ஒரு முறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மதினிக்கு இரண்டு ஊசி முடிந்துவிட்டது. முடி போய்விட்டது. கண்ணாடியை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. நன்றி சொல்லவும் தெரியவில்லை. எனக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று ஒரு மனுஷி தன் உயிரை வைத்து விளையாடியிருக்கிறார், அதற்கு என்ன வார்த்தை சொல்வது. கஞ்சி வைக்கிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், சண்டை போடுகிறேன்.

முந்தாநாள் காலையில் மதினி குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே வந்தார். என் கையைப் பிடித்துத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்தார். "இங்க ஒண்ணு இருக்க மாதிரி தோணுதுளா. இப்பதான் பாத்தேன். நீயும் பாரு" என்றார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினோம். கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் தட்டுப்பட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார்.